உருவம் ஒட்டுப்படமாகத் தெரியாமல் பின்னணியோடு சேர: அக்ரிலிக் ஓவியத்துக்கு முழுமையான வழிகாட்டி

முகம் நன்றாக வந்திருக்கும். வயலையும் வானத்தையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால் மட்டும், காலண்டரிலிருந்து ஆளை வெட்டியெடுத்து வயல்மேல் ஒட்டியது போல இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் உடனே செய்வது, உருவத்தின் ஓரத்தை ஈரப் பிரஷால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பது. முன்பு தெளிவான ஒட்டுப்படமாக இருந்தது, இப்போது மங்கலான ஒட்டுப்படம் ஆகிவிடும்.

ஓரத்துக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன: ஆளின் உயரம், வெளிச்சம் வரும் திசை, டோன் (ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம் அல்லது இருட்டு என்பது), நிழலின் நிறம், கால் தரையைத் தொடும் இடம். இவற்றில் ஒன்று பிசகினாலும் ஓரத்தில் செய்யும் எந்த வேலையும் எடுபடாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

விளக்கத்துக்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். மாலை வெயில். வரப்பில் புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து எதிரே வரும் ஒரு பெண், அரக்குச் சேலை. இருபுறமும் முழங்கால் உயர நெற்பயிர். பின்னால் தூரத்தில் பனைமரங்கள். கேன்வாஸ் 16 × 20 அங்குலம், அதாவது ஏறக்குறைய 40 × 50 செ.மீ., படுக்கை வாட்டில்.

1. கையில் இருக்க வேண்டியவை

நிறங்கள் ஆறு போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம். பச்சையை டியூபிலிருந்து எடுக்காமல் நீலமும் மஞ்சளும் கலந்து செய்யுங்கள். அதே நீலம் சேலையின் நிழலிலும் வானத்திலும் வரப்போகிறது. படம் முழுக்க ஒரே நாலைந்து நிறங்கள் சுற்றி வந்தால் பாதி ஒற்றுமை தானாகவே வந்துவிடும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் தேவையான இருட்டு கிடைக்கும்.

பிரஷ்: ஒரு அங்குலத் தட்டை, அரை அங்குலத் தட்டை, நுனி வளைந்த ஃபில்பர்ட் 6, ரவுண்ட் 2. இவற்றோடு முடி மென்மையான, உலர்ந்த பிரஷ் ஒன்று. அதில் பெயிண்ட் எடுக்கவே கூடாது, ஓர வேலைக்கு மட்டும்.

தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், கிளேஸிங் மீடியம் (பெயிண்டை அடியில் உள்ளது தெரியும் மெல்லிய பூச்சாக, அதாவது கிளேஸாக, ஆக்கும் திரவம்), ரிடார்டர் (பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்துவது). ரிடார்டரைப் பெயிண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். கூடினால் மேல்பரப்பு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்வது ரிடார்டரைவிட அதிகம் உதவும்.

இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருளும். ஈரத்தில் பால்போல இருக்கும் பைண்டர் (நிறத்தூளைப் பிடித்துவைக்கும் பசை), காய்ந்ததும் கண்ணாடி போல் தெளிந்துவிடுவதுதான் காரணம். பின்னணி காய்ந்துவிட்ட நிலையில் உருவத்தின் நிறத்தை ஈரத்திலேயே பார்த்துப் பொருத்தினால் மறுநாள் பொருந்தாது. ஒரு துண்டுக் காகிதத்தில் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்த்த பிறகே கேன்வாஸில் வையுங்கள்.

2. வெளிச்சத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

"வெயில் இடப்பக்கத்திலிருந்து, 30 பாகை உயரத்தில், மஞ்சள் கலந்தது, நிழலுக்கு வெளிச்சம் நீல வானத்திலிருந்து." இதை ஒரு தாளில் எழுதி ஈசலில் ஒட்டுங்கள். இடம், வலம் என்று இங்கே சொல்வதெல்லாம் படத்தைப் பார்க்கும் நமக்கு.

ஒட்டுப்படம் ஆவதன் முதல் காரணம் பெரும்பாலும் ரெஃபரன்ஸ் போட்டோதான், அதாவது பார்த்து வரைய வைத்திருக்கும் போட்டோ. பெண்ணின் படம் மேகமூட்ட நாளில் எடுத்தது, வயலின் படம் மாலை வெயிலில் எடுத்தது. மேகமூட்டத்தில் மூக்குக்குக் கீழ் நிழலே தெளிவாக விழாது. அந்த முகத்தை அப்படியே மாலை வயலில் கொண்டுவந்து வைத்தால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் சேராது. ஃபிளாஷ் போட்டு எடுத்த முகம் இன்னும் மோசம்.

ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எடுத்த போட்டோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், வீட்டு வாசலில் மாலை நாலரை மணிக்கு யாரையாவது தலையில் ஒரு மூட்டையுடன் நிறுத்தி, வெயில் இடப்பக்கம் படும்படி எடுத்துக்கொள்ளுங்கள். சேலை, முகம், உடல்வாகு எதை வேண்டுமானாலும் வேறு போட்டோவிலிருந்து எடுக்கலாம். நிழலை மட்டும் இந்தப் போட்டோவிலிருந்து எடுங்கள்.

3. கண்மட்டக் கோடு சொல்லும் உயரம்

அடிவானக் கோடு என்பது பார்க்கிறவரின் கண் உயரம். நீங்களும் அதே வரப்பில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் உயரமே உள்ள எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் இருக்கும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும்.

கணக்கு எளிது. பார்க்கும் கண் தரையிலிருந்து 5 அடி உயரம் என்று வைப்போம். பெண்ணின் பாதம் கோட்டுக்குக் கீழே 15 செ.மீ.யில் இருந்தால், அந்த இடத்தில் 15 செ.மீ. = 5 அடி; அதாவது 1 செ.மீ. = 4 அங்குலம். 5 அடி 4 அங்குலப் பெண் 16 செ.மீ. உயரம் வருவாள். தூரத்தில் அதே வரப்பில் இன்னொருவர், பாதம் கோட்டுக்குக் கீழே 6 செ.மீ. அவரும் அதே உயரம் என்றால் 6.4 செ.மீ.

வயலுக்குள் நிற்பவர் வரப்பைவிட ஓரடி பள்ளத்தில் இருக்கிறார். அந்த இரண்டாவது ஆள் இருக்கும் தூரத்தில் ஓரடி என்பது 1.2 செ.மீ.; அவ்வளவு கீழே இறக்குங்கள். இதை விட்டுவிட்டால் அவர் பயிரின்மேல் மிதப்பார்.

உட்கார்ந்த நிலையில் எடுத்த வயல் போட்டோவில் கோடு ஆட்களின் நெஞ்சளவில் வரும். அதில், நின்றபடி எடுத்த ஆளின் படத்தைக் கோட்டில் கண்வைத்து நுழைத்தால் ஆள் குள்ளமாகிவிடுவார். பார்ப்பவருக்குக் கோடு பற்றி எதுவும் தெரியாது; ஆனாலும் ஏதோ தவறு என்று கண் சொல்லிவிடும்.

4. தீப்பெட்டி அளவில் ஒரு டோன் படம்

பென்சிலில், மூன்றே டோன்: வெள்ளை, நடுச்சாம்பல், இருட்டு. முகத்தில் கண், மூக்கு எதுவும் வேண்டாம். உருவத்தின் இருட்டு எங்காவது பின்னணியின் இருட்டோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். நம் படத்தில் சேலையின் வலப்பக்க நிழல், பின்னாலிருக்கும் பயிரின் நிழலோடு ஒட்ட வேண்டும். எங்குமே ஒட்டாமல் உருவம் சுற்றிலும் தனித்து நின்றால், நிற்கும் இடத்தை மாற்றுங்கள். அல்லது பின்னால் ஒரு புதரையோ மரநிழலையோ நகர்த்துங்கள். இந்த மாற்றம் இப்போது ஐந்து நிமிட வேலை. பெயிண்ட் ஏறிய பிறகு ஒரு வார வேலை.

5. வெள்ளை கேன்வாஸை மூடுங்கள்

யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் சம அளவு, நிறையத் தண்ணீர். தட்டைப் பிரஷால் முழுவதும் ஒரு வாஷ், அதாவது நீர்த்த மெல்லிய பூச்சு. அரை மணி நேரம் காயட்டும். பிறகு வரும் தீற்றல்களுக்கு இடையே இந்த மண்நிறம் எட்டிப் பார்க்கும், வானத்திலும் சேலையிலும் பயிரிலும் ஒரேபோல. வெள்ளையை விட்டுவைத்தால் உருவத்துக்கும் பின்னணிக்கும் நடுவில் நூலளவு வெள்ளைக்கோடு தங்கும். கத்தரிக்கோல் வெட்டு போன்ற தோற்றத்துக்கு அந்தக் கோடு ஒன்றே போதும்.

6. இரண்டையும் சேர்த்தே எழுப்புங்கள்

பலரும் பின்னணியை முழுதாக முடித்துக் காயவைத்து, அதன்மேல் உருவத்தைத் தொடங்குகிறார்கள். சிலர் முகத்தை முதலில் முடித்துவிட்டு, அதைத் தொடாமல் சுற்றிப் பின்னணியை அடைக்கிறார்கள். இரண்டாவது வழி மிக மோசம். முகத்தைத் தொட பயந்து பிரஷ் எப்போதும் விளிம்புக்கு இணையாகவே ஓடும். ஆளைச் சுற்றி ஒளிவட்டம் போல ஒரு பட்டை நிற்கும்.

அரை அங்குலத்துக்குக் குறைந்த பிரஷைத் தொடாமல், வானம், பனைமரம், பயிர், சேலை, முகம் எல்லாவற்றையும் பெரிய திட்டுகளாக ஒரே அமர்வில் வையுங்கள். 1 முழு இருட்டு, 10 முழு வெள்ளை என்று வைத்தால் தோராயமாக: வானம் 9, தூரப் பனை 6, வெயில் பட்ட பயிர் 6, பயிரின் நிழல் 3, முகத்தின் வெயில் பக்கம் 5, நிழல் பக்கம் 3, சேலையின் வெயில் பக்கம் 4, நிழல் பக்கம் 2 முதல் 3. எண்கள் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. சேலை நிழலும் பயிர் நிழலும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருப்பதுதான் முக்கியம்.

பின்னணித் திட்டு உருவத்தின் எல்லைக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நுழையட்டும். அடுத்து உருவத்தின் திட்டு வெளியே ஏறட்டும். மறுபடி பின்னணி உள்ளே வெட்டட்டும். இப்படி மாறி மாறி வெட்டினால்தான் தோள் வளைவு கம்பி போல் இல்லாமல் உயிரோடு வரும்.

பிரஷ் அளவையும் கவனியுங்கள். வயல் முழுக்க ஒரு அங்குலத் தீற்றல், முகத்தில் மட்டும் ஊசிமுனைப் பிரஷில் இமைமுடி என்றால் இரண்டு பேர் வரைந்த படம் போலிருக்கும். 16 செ.மீ. ஆளின் முகம் 2 செ.மீ.கூட இராது. அதில் இமைமுடிக்கு இடமில்லை. கண்குழியின் நிழல் ஒரு தீற்று போதும்.

7. எல்லா நிழலுக்கும் ஒரே கலவை

பேலட்டின் ஒரு மூலையில் அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, துளி வெள்ளை கலந்து ஒரு குவியல் செய்யுங்கள். சேலையின் நிழலுக்குச் சேலை நிறத்தில் இதைக் கால் பங்கு. தோலின் நிழலுக்குத் தோல் நிறத்தில் கால் பங்கு. பயிர் நிழலுக்கும் வரப்பு மண்ணின் நிழலுக்கும் அதேபோல் கால் பங்கு. எல்லா நிழலும் ஒரே வானத்தின் கீழ் இருப்பதால் எல்லாவற்றிலும் அந்த நீலம் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும்.

தோலுக்குப் பழுப்பு, சேலைக்குக் கறுப்பு, இலைக்குக் கரும்பச்சை என்று ஒவ்வொன்றின் நிழலையும் தனித்தனி டியூபிலிருந்து எடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் இருப்பது போலிருக்கும். வெள்ளைத் துணி வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். வேட்டி வெள்ளை என்று தெரிந்திருப்பதாலேயே நிழல் பக்கத்திலும் வெள்ளையைப் பூசிவிடுகிறார்கள். நிழலில் உள்ள வெள்ளை வேட்டி, வெயிலில் உள்ள வெள்ளைச் சுவரைவிட நன்றாகவே இருட்டு.

வெயில் பக்கத்துக்கும் இதேபோல் ஒரு பொது நிறம்: வெள்ளையில் துளி யெல்லோ ஆக்கர். கன்னம், புல்லுக்கட்டு, பயிர் நுனி, வரப்பு விளிம்பு நான்கிலும் வெளிச்சத்தைக் கூட்ட இதையே பயன்படுத்துங்கள்.

8. காலைத் தரையில் ஊன்றுங்கள்

இரண்டு நிழல் வேண்டும். புதியவர்கள் ஒன்றைத்தான் போடுகிறார்கள்.

முதலாவது, பாதம் மண்ணைத் தொடும் கோட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள, படத்திலேயே ஏறக்குறைய மிக இருண்ட கீற்று. குதிகாலுக்கும் கட்டைவிரலுக்கும் கீழே இதை வைத்தவுடன் உடல் எடை இறங்கும். பாதத்தைச் சுற்றி முழுதாக வரையாதீர்கள். வெயில் பக்கம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தரையில் நீண்டு விழும் நிழல். சூரியன் 45 பாகையில் இருந்தால் நிழல் ஆளின் உயரமே. 30 பாகையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. 15 பாகையில் மூன்றே முக்கால் மடங்கு. வெயில் சரியாக இடப்பக்கத்திலிருந்து வந்தால் நிழல் வலப்பக்கம், கேன்வாஸின் கீழ்விளிம்புக்கு இணையாகப் போகும். தலைச்சுமையும் சேர்ந்த உயரத்தைக் கணக்கில் எடுங்கள். கட்டோடு 20 செ.மீ. என்றால் நிழல் 35 செ.மீ. வரை ஓடும், படத்துக்கு வெளியே போனாலும் தவறில்லை.

இந்த நிழல் எதன்மேல் விழுகிறதோ அதன் வடிவத்தைக் காட்ட வேண்டும். வரப்பின் மேல்தளத்தில் நேராக ஓடி, சரிவில் கீழ்நோக்கி உடைந்து, பிறகு பயிரின் தலைமேல் ஏறிச் சிதறும். பயிரில் அது ஒரே திட்டாக இருக்காது. இலை நுனிகளில் இருட்டாகவும் இடைவெளிகளில் இன்னும் இருட்டாகவும் கிழிந்து தெரியும். பாதத்தருகே நிழலின் ஓரம் கூர்மையாகவும், தூரம் போகப் போக மென்மையாகவும் இருக்கட்டும். சூரியன் புள்ளியல்ல, வட்டம் என்பதால் இப்படி ஆகிறது.

கடைசியாக, வரப்புப் புல்லில் இரண்டு மூன்று இழைகளைப் பாதத்தின் முன்னால் ஏற்றுங்கள். முன்னால் புல், நடுவில் கால், பின்னால் மண் என்று ஆனதும் பெண் வயலுக்குள் வந்துவிடுவாள். இவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு பலன் வேறெங்கும் கிடைக்காது.

9. வயலின் நிறம் உடம்பில் படட்டும்

வெயில் பட்ட பயிர் தன் பச்சையை மேல்நோக்கி அனுப்புகிறது. சேலையின் கீழ்மடிப்புகள், முன்கையின் அடிப்பகுதி, தாடைக்குக் கீழ் என்று கீழே பார்க்கும் பரப்புகளின் நிழலில் அந்தப் பச்சை துளி கலக்க வேண்டும். தோள், முன்பாதம் போன்று மேலே பார்க்கும் பரப்புகளின் நிழலில் வானத்தின் நீலம். செம்மண் நிலத்தில் பச்சைக்குப் பதில் செம்மண் நிறம்.

இந்த எதிரொளி எப்போதும் நிழலின் பகுதி. அதை வெயில் பக்கத்தளவு வெளிச்சமாக்கினால் இரண்டு பக்கமும் விளக்கு வைத்த ஸ்டூடியோ போட்டோவாகிவிடும். நிழலைவிட ஒரு படி கூடினால் போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அது நிழலுக்குள் மறைந்துவிட வேண்டும்.

எதிர்ப்போக்கும் வேண்டும். சேலையின் அரக்கை வயலில் வேறெங்காவது காட்டுங்கள்: வரப்பு மண்ணில், ஒரு காய்ந்த ஓலையில், தூர மரத்தடியில். இரண்டு மூன்று இடம், மங்கலாக.

10. ஓரங்கள்

இப்போதுதான் ஓரத்துக்கு வருகிறோம். உருவத்தைச் சுற்றிக் கடிகார முள் போலப் போய், ஒவ்வோர் இடத்திலும் இருபக்க டோனையும் ஒப்பிடுங்கள். டோன் ஒன்றாக இருந்தால் ஓரம் மறையலாம். சற்றே வேறுபட்டால் மென்மை. நன்றாக வேறுபட்டு, பார்வையும் அங்கே போக வேண்டுமென்றால் மட்டும் கூர்மை.

நம் பெண்ணில், இடது கன்னமும் இடது தோளும் கூர்மை. வெயில் நேராகப் படும் இடம், பார்வை வர வேண்டிய இடமும் அதுதான். புல்லுக்கட்டின் மேல்விளிம்பு வானத்தின் எதிரே கோடாக நிற்கக் கூடாது. புல் இழைகள் சில வெளியே நீட்டிக்கொண்டும், அவற்றின் நடுவே வானத்தின் திட்டுகள் உள்ளே புகுந்தும் இருக்கட்டும். வலது இடுப்பிலிருந்து முழங்கால் வரை சேலை நிழலும் பயிர் நிழலும் ஒரே டோன். அங்கே ஓரத்தை முழுதாகத் தொலைத்துவிடுங்கள். "கால் எங்கே போயிற்று?" என்று யாரும் கேட்கமாட்டார்கள், பார்ப்பவரின் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

வேகமாகக் காயும் அக்ரிலிக்கில் ஓரத்தை மென்மையாக்க மூன்று வழிகள் உண்டு.

ஈரத்தில்: அந்த இடத்தில் மட்டும் இருபக்கமும் புதிதாகப் பெயிண்ட் வைத்து, லேசாக ஸ்பிரே செய்து, உலர்ந்த மென்பிரஷால் விளிம்புக்குக் குறுக்கே நாலைந்து முறை மெல்ல இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு பிரஷைத் துணியில் துடையுங்கள். கிடைக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம். பெயிண்ட் ஒட்டத் தொடங்கியதும் நிறுத்துங்கள். தொடர்ந்தால் தோல் உரிந்து குழியாகும்.

இடைநிறத்தில்: இரண்டு நிறத்தையும் சம அளவு கலந்து, விளிம்பின்மேல் 2 மி.மீ. பட்டையாக வையுங்கள். தேவையானால் அதன் இருபக்கமும் இன்னொரு இடைநிறம். தேய்க்க வேண்டியதில்லை, காய்ந்த பரப்பிலும் செய்யலாம். பழகாத கைக்கு இதுவே பத்திரம்.

உலர் தீற்றலில்: பிரஷில் மிகக் கொஞ்சம் பெயிண்ட் எடுத்து, துணியில் பாதி துடைத்து, பின்னணி நிறத்தை விளிம்பைத் தாண்டி உள்ளே இழுங்கள். முடி, புல், கசங்கிய துணிக்கு ஏற்றது. முகத்துக்கு வேண்டாம், சொரசொரப்பாகும்.

முடியை எப்போதும் முகத்துக்கும் பின்னணிக்கும் நடுவில் ஒரு மெத்தைபோல் பயன்படுத்துங்கள். நெற்றியோரத்தில் தோல் நிறமும் முடி நிறமும் கலந்த இடைநிறம், வானத்தோரத்தில் முடி நிறமும் வான நிறமும் கலந்த இடைநிறம். தனித்தனி முடிக்கோடுகள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம்.

சுற்றிலும் ஒரே அளவு மென்மை கொடுப்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. எல்லா ஓரமும் கூர்மையாக இருந்தால் எப்படி ஒட்டியது தெரிகிறதோ, எல்லாம் மென்மையாக இருந்தாலும் அப்படியே தெரியும்.

ஆயில் பெயிண்டில் இந்த வேலை எளிது. மணிக்கணக்கில் ஈரம் இருப்பதால் ஒரே இழுப்பில் ஓரம் தொலையும். வாட்டர்கலரில் வரிசையே வேறு. தொலைய வேண்டிய ஓரத்தை முதல் வாஷிலேயே ஈரத்தோடு ஈரமாகப் பின்னணிக்குள் ஓடவிட வேண்டும். காய்ந்த பிறகு ஈரப் பிரஷால் கொஞ்சம் எடுக்கலாம், முழுதாக மீட்க முடியாது.

11. நிறுத்தும் முன் பார்க்க வேண்டியவை

போனில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்; உருவம் துளைபோலவோ வெள்ளைக் காகிதம்போலவோ தனித்துத் தெரிந்தால் டோன் தவறு. படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். உயரமும் சாய்வும் தவறாக இருந்தால் அதில் தெரியும். கேன்வாஸைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். முகம் முகமாகத் தெரியாதபோது ஓரங்களின் கூர்மை மட்டும் கண்ணில் படும்.

12. ஏற்கெனவே முடித்த படம் ஒட்டுப்படமாக நின்றால்

முதலில் ஒரு நாள் நன்றாகக் காயவிடுங்கள். வெயில் பகுதிகளுக்கு ஒரு கிளேஸ்: யெல்லோ ஆக்கரும் துளி பர்ன்ட் சியன்னாவும் ஒரு பங்கு, கிளேஸிங் மீடியம் எட்டு முதல் பத்து பங்கு. உருவம், பின்னணி என்று பிரிக்காமல் வெயில் படும் எல்லா இடத்திலும் ஒரே தடவையில் இழுங்கள். காய்ந்ததும் நிழல் பகுதிகளுக்கு ஏழாம் படியின் நிழல் கலவையில் வெள்ளை சேர்க்காமல் அதே அளவு மீடியத்தோடு இன்னொரு கிளேஸ், சேலை நிழலிலிருந்து பயிர் நிழலுக்குள் நிற்காமல் ஓடும்படி. மீடியத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கரைத்தால் பைண்டர் பலவீனமாகி, திட்டுத்திட்டாகக் காயும்.

பிறகு பாதத்தடியின் இருண்ட கீற்று, முன்னால் ஏறும் புல், வலப்பக்கத்தில் தொலைய வேண்டிய ஓரம், இந்த வரிசையில். பல படங்கள் இதிலேயே தேறிவிடும்.

உயரம் தவறாக இருந்தால் கிளேஸ் எதுவும் உதவாது. 400-ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து உருவத்தின் மேட்டை மெல்லத் தேய்த்துச் சமமாக்கி, தூசியைத் துடைத்து, ஐந்தாம் படியின் மண்நிறத்தைக் கெட்டியாகப் பூசி, அந்த இடத்தில் மறுபடி கண்மட்டக் கோட்டிலிருந்து அளந்து தொடங்குங்கள். முகம் நன்றாக வந்திருந்தால் அழிக்க மனம் வராது. அதை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.